மனச்சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்

(பட்டிப்பொலயில் தொழிலாளர் குடும்பங்கள் மத்தியில் நிகழ்த்திய உரை)



இந்தக் குளிரிலும் பனியிலும் வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள்.

கூடை கனத்தால் மடுவத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். மனசு கனத்தால் எங்கே இறக்குவது? காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதற்கெடுத்தாலும் அழுகை வந்தால், "என்னத்த சொல்றது, யாருகிட்ட சொல்றது" என்று அடக்கிக்கொள்கிறோம். வெளியில் சொன்னால் பைத்தியம்னு பேர் வச்சிருவாங்க என்று பயம். சிலர் சாராயத்தில் இறக்கப் பார்க்கின்றார்கள். பாரம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இன்று கையிலிருக்கும் போனிலேயே ஓர் ஆலோசகருடன் தனியாகப் பேசலாம். 2020இல் கொரோனாவால் பஸ்ஸும் ரயிலும் நின்றபோது இம்முறை உலகமெங்கும் பரவியது. நமது நாட்டில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். தமிழிலும் பேசலாம்.

தொடர்ந்து ஆலோசனை பெறுபவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கொரு தடவை, ஒரே ஆலோசகருடன், முக்கால் மணித்தியாலமளவில் பேசுவார்கள். அவர் புத்திமதி சொல்லமாட்டார், திட்டமாட்டார். கேட்பார். எப்போது மனசு கூடக் கனக்கிறது, அந்நேரம் என்ன நினைப்பு வருகிறது என்று விசாரிப்பார். அடுத்த வாரத்துக்குள் செய்து பார்க்கச் சின்னதாக ஒரு காரியம் சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, நீங்கள் சொன்னதை வெளியில் சொல்லமாட்டார்.

எமது தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தங்கச்சிக்கு இப்படி ஏற்பாடு செய்து கொடுத்தோம். முதல் நாள் ஆலோசகர் கேட்டதற்கெல்லாம் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விசாரித்தபோது, "பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல மாமியார் பக்கத்துல, புள்ளைங்க மடியில. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. நான் எப்படிங்க வாயத் தொறக்கிறது?" என்றார். போனைக் கொடுத்தோம். பேச இடம் கொடுக்க மறந்துவிட்டோம்.

பின்னர் பிள்ளை மடுவத்தில், பிள்ளைகள் வீடு போன பிறகு ஓர் அறையைத் திறந்து கொடுத்தோம். சிக்னலும் அங்கே கிடைத்தது. வெளியே ஒரு அக்கா காவலுக்கு இருந்தார். அன்று அந்தத் தங்கச்சி வாய் திறந்து பேசினார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு டிவிசனிலும் வாரத்தில் ஒரு மாலை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். தலைவர்மார் தோட்ட நிருவாகத்துடன் பேசி இதை ஒழுங்கு செய்யுங்கள். வீட்டுக்காரர்களே, மனைவி போனில் தனியாகப் பேசினால் சந்தேகப்படாதீர்கள். உங்களுக்கும் அந்த அறை உண்டு. ஆம்பிளைங்க அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. உயிரை விட முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் இன்னும் சிலர் மறைக்கின்றார்கள். அந்தச் சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. அது இப்போது குற்றமல்ல. மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அப்படியான எண்ணம் வருபவரையும், காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பவரையும் போனோடு விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தனியே விடாதீர்கள். ஆலோசகர் என்று சொல்லி முகம் தெரியாத யாராவது படமோ வங்கி விபரமோ கேட்டால், கொடுக்காமல் எம்மிடம் சொல்லுங்கள்.

இன்று வீடு திரும்பும்போது, கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்துபோன ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போய், "என்ன, மனசு சரியில்லையா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.