படுத்த படுக்கையும் பக்கத்து வீட்டாரும்

நோய் முற்றிப் படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்க்க முதல் ஒரு வாரம் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். பழம் வரும், ஹார்லிக்ஸ் வரும், ஆளுக்கொரு வைத்தியமும் வரும். பக்கவாதமோ புற்றுநோயோ மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோவார்கள். நோயாளி மட்டும் தனித்துப்போவதில்லை. அவரைக் கழுவித் துடைத்து, ஊட்டிவிட்டு, இரவில் விழித்திருக்கும் மனைவியும் மகளும்கூட வாசலைத் தாண்ட முடியாமல் அடைபட்டுப்போகிறார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்வரக்கூட அவர்களுக்கு வழியில்லை. இந்தத் தனிமைக்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது. அதற்கு ஒரு வழியைக் கண்டவர்கள் கேரளத்தின் வட பகுதியில் இருக்கும் சாதாரண மக்கள்.

தொடக்கம் ஒரு மருத்துவமனையில்தான். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து, வலி தணிப்புக்கென ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். குணமாக்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளின் வலியையாவது குறைக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்குத் தேவையான மார்ஃபின் மருந்து அப்போது எளிதில் கிடைக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டிருந்தன. கசகசாச் செடியைச் சட்டப்படி பயிரிட்டு, அபினியை ஏற்றுமதியும் செய்கிற ஒரு நாட்டில் சொந்த மக்கள் வலியில் துடித்தார்கள் என்பது மனத்தை உறுத்தும் செய்தி.

மருந்து கிடைத்த பிறகும் பாதிப் பிரச்சினை அப்படியே இருந்தது. எழுந்து உட்காரவே முடியாதவர் மலைக்கிராமத்திலிருந்து ஜீப்பும் பஸ்ஸும் மாறிக் கோழிக்கோடு வர முடியாது. வந்தவருக்கும் வலி அடங்கியதே தவிர, வீட்டில் அரிசி இல்லாததும், பிள்ளையின் படிப்பு நின்றதும், பேச ஆளில்லாததும் தீரவில்லை. இவை டாக்டர் தீர்க்கக்கூடிய குறைகள் அல்ல. தெருவில் உள்ளவர்கள் தீர்க்கக்கூடியவை. இந்தத் தெளிவிலிருந்துதான், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மலப்புரம் மாவட்டத்தை மையமாகக் கொண்டு, அக்கம்பக்கத்தாரைக் கொண்டே நடத்தும் வலி தணிப்பு இயக்கம் உருவெடுத்தது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்த எவரும் அதில் சேரலாம். ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்றவர், கல்லூரி மாணவர் என்று யார் வந்தாலும் அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், அதன்பின் செவிலியரோடு வீடு வீடாகப் போய்க் கற்கும் பயிற்சியும் உண்டு. பயிற்சி முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, தங்கள் பகுதியில் யார் யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பரிதாபப்பட எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் அறைக்குள் போய் என்ன செய்வது, என்ன பேசுவது என்று தெரியாததால்தான் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கையில் ஒரு வேலையையும் அதைச் செய்யும் பக்குவத்தையும் கொடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது.

புற்றுப் புண்ணையே எடுத்துக்கொள்ளலாம். வாயிலோ மார்பிலோ புண் அழுகினால் எழும் நாற்றம், வலியைவிடக் கொடுமையாக மனிதரை ஒதுக்கிவைக்கும். பேரப்பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள். கட்டில் பின்கட்டுக்குப் போய்விடும். இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து, உப்புநீரால் கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்டினால், சில நாளில் நாற்றம் வெகுவாகக் குறையும். வீட்டுக்கு வரும் செவிலியர் இதை வீட்டாருக்குச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். நாற்றம் அடங்கியதும் கட்டில் முன்னறைக்கு வருகிறது. வீட்டில் பேச்சுக்குரல் மறுபடி கேட்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி உள்ளூர்ச் சில்லறை. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர்களும் தங்களால் ஆனதைத் தந்தார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களும் அனுப்பினார்கள். மசூதிக்குப் போகிறவரும் கோவிலுக்குப் போகிறவரும், எதிரெதிர்க் கட்சிக்காரர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து, எந்த வீட்டுக்கு அரிசி, எந்த வீட்டுக்குத் தண்ணீர்ப் படுக்கை என்று முடிவு செய்தார்கள்.

2008இல் கேரள அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். ஊராட்சிகள் இதற்கெனச் செவிலியர்களை நியமித்தன. 2010இல் பிரிட்டனின் எக்கனாமிஸ்ட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, வாழ்வின் கடைசிக் காலப் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று 40 நாடுகளை ஒப்பிட்டபோது இந்தியா கடைசி இடத்தில் நின்றது. அதே அறிக்கை கேரளத்தை மட்டும் விதிவிலக்காக எடுத்துச் சொன்னது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், கோழிக்கோட்டில் உள்ள வலி தணிப்பு மருத்துவ நிலையத்தைத் தன் கூட்டு மையமாக ஏற்றது.

அரசு வந்ததில் நன்மையோடு ஓர் ஆபத்தும் உண்டு. செவிலியர்தான் வருகிறாரே என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொள்ளலாம். செவிலியர் வருவது மாதத்தில் சில நாள். மற்ற நாள்களில் அந்த வீட்டுக்குத் துணை அண்டை அயலார்தான். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நோய் ஆதரவுச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதோடு தெருக்காரர்களும் கைகோத்தால்தான் பலன் முழுமையாகும்.

கேரளத்தின் முறையை வேறோர் ஊரில் அப்படியே நட்டுவிட முடியாது என்பதும் உண்மை. படிப்பறிவு, நூலகங்கள், தொழிற்சங்கங்கள் என ஒன்றுகூடும் பழக்கம் அங்கே முன்பே வேரூன்றியிருந்தது. ஆனாலும் தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை: ஒரு வார்டு, பத்துப் பேர், பயிற்சி கொடுக்க ஒரு செவிலியர், வீடு வீடாக எடுத்த ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் இறந்துபோனாலும் அந்த வீட்டுக்குக் குழுவினர் போய்வருவது நிற்பதில்லை. துக்கத்தில் இருக்கும் மனைவிக்கு ஆறுதலாக இருக்கிறார்கள். அவர் ஒரு கைத்தொழில் தொடங்கவும், பிள்ளைகள் படிப்பைத் தொடரவும் உதவுகிறார்கள். அப்படி உதவி பெற்றவர்களில் சிலர் பின்னாளில் தாங்களே பயிற்சி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள்.