புகைவிட்ட எஞ்சினும் எட்டாம் வகுப்புப் பாடமும்

(தென்காசிப் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயிலைப் பார்த்ததில்லை. 2010 செப்டம்பரில் அது நின்றது. அகலப்பாதையாகி மறுபடி ரயில் ஓடியது 2018இல். இப்போது மின்கம்பியும் வந்துவிட்டதால் டீசல் எஞ்சினும் விடைபெறுகிறது. நம்மைப் போல நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவில் இருப்பது, பிள்ளைகளுக்குக் கேள்விப்படாத சங்கதி. அதை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பாடம் நடத்தும்போது ஆந்திரா வரை போகவேண்டியதில்லை, செங்கோட்டை ஸ்டேஷனில் இருந்தே தொடங்கலாம்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னும் நல்ல தீனி இருக்கிறது. நீராவிக்குப் பிறகு நம் பக்கம் ஓடியது ஒய்.டி.எம்.4 வகை டீசல் எஞ்சின். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. பிறகு வாரணாசியிலேயே செய்தார்கள். குற்றால சீசனில் தென்காசியில் இறங்கியவர்களுக்கு அதன் உறுமல் நினைவிருக்கும். வண்டி நகரும் முன்பே சத்தம் ஏறும். ஏன்? டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது; அதில் வரும் மின்சாரம்தான் சக்கரத்தோடு இணைந்த மோட்டார்களை ஓட்டுகிறது. புறப்படும்போது கரும்புகை தள்ளுமே, அதற்கும் காரணம் உண்டு. டீசல் உடனே அதிகமாகப் பாய்ந்துவிடும், காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். காற்று போதாமல் எரிந்தால் கரி. முழுமையற்ற எரிதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் மோதாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? இரண்டு ஸ்டேஷன்களில் இருந்த கருவிகளும் கம்பியால் இணைந்திருக்கும். ஒரு டோக்கன் வெளியே போனால், அது திரும்பி உள்ளே வரும்வரை அடுத்தது வராது. அந்த டோக்கனைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். கணக்கு ஆசிரியர் இதைத் தர்க்கப் புதிராகவே கொடுக்கலாம்.

என் வகுப்பில், தாத்தா பாட்டியிடம் பழைய ரயில் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது குகை, பாலம், குரங்கு. ஒரு மாணவி எழுதியது வேறு. அவள் பாட்டி காய்கறிக் கூடையோடு புனலூர் போய், மரவள்ளிக்கிழங்கோடு திரும்பியவர். ரயில் நின்றதும் பஸ்ஸில் கூடைக்கு இடம் இல்லை. அந்த வியாபாரமே போயிற்று. ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்து ரயில் வந்தபோது அவருக்குக் கூடை தூக்கும் வயது கடந்திருந்தது.

அந்த ஒரு பக்கத்தைப் படித்த பிறகு, “அந்தக் காலம் பொற்காலம்” என்று என்னால் பேச முடியவில்லை. வண்டி மெதுவாகத்தான் போனது, நெரிசல், சீசனில் நிற்கவே இடமிருக்காது. ஆனாலும் அது யாருக்கு என்னவாக இருந்தது என்பது எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. கேட்டு எழுதினால்தான் உண்டு, சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிறது.

அயர்லாந்தில் பழைய டீசல் எஞ்சின்களை ஆர்வலர்களே வாங்கிப் பழுதுபார்த்துக் காக்கிறார்கள். நம் பள்ளிக்கு எஞ்சின் வாங்க வழியில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். எஞ்சினை நேரில் காட்ட விரும்பினால், குன்னூர் – ஊட்டி மலை ரயிலில் ஒய்.டி.எம்.4 இன்னும் இழுக்கிறது. சுற்றுலாவுக்கு ஊட்டி போகிறவர்கள் பிள்ளைகளை எஞ்சின் பக்கம் கூட்டிப்போங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பேட்டி கொண்டுவரலாமா? பயணிகளோடு நிறுத்தாமல், கேட் கீப்பர், தண்டவாளப் பணியாளர், பிளாட்பாரத்தில் டீ விற்றவர் ஆகியோரையும் பிள்ளைகள் தேடிப் பிடிக்கட்டும். பேசுகிறவரின் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.