உறைந்த நிலையத்துக்கு உயிர் கொடுத்தவர்கள்



1985 பிப்ரவரியில் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. உள்ளே ஆளில்லை, மின்சாரமும் போய்விட்டது.

அதைச் சரிசெய்ய ஜூன் 6ஆம் தேதி விளாடிமிர் ஜானிபெகோவ், விக்டர் சவினிக் இருவரும் சோயுஸ் டி-13 கலத்தில் கிளம்பினார்கள். வழக்கமாக நிலையமே சிக்னல் கொடுத்து, வரும் கலத்துக்கு வழிகாட்டும். இதுவோ ஊமையாகக் கிடந்தது. கையடக்க லேசர் கருவியால் தூரத்தை அளந்து, ஜன்னல் வழியே பார்த்தபடியே ஜூன் 8 அன்று கலத்தை இணைத்தார்கள். எவ்வளவு நிதானம் வேண்டியிருந்திருக்கும்!

உள்ளே கும்மிருட்டு. சுவரெல்லாம் உறைபனி. குடிதண்ணீரும் கட்டியாகிவிட்டது. குளிரைவிட மோசமானது இன்னொன்று. எடையற்ற இடத்தில் சூடான காற்று தானாக மேலே எழும்பாது. விசிறி ஓடாவிட்டால் நாம் விடும் மூச்சு நம் முகத்தைச் சுற்றியே நிற்கும். தலைவலியும் சோர்வும் ஆளை அமுக்கிவிடும்.

கோளாறு எங்கே? பேட்டரி நிரம்பிவிட்டது என்று ஓர் உணர்கருவி தவறாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் சூரியத் தகடுகளின் மின்சாரம் பேட்டரிக்கு ஏறவே இல்லை. கெட்டுப்போன இரண்டை ஒதுக்கிவிட்டு, மீதி ஆறு பேட்டரிகளையும் தகடுகளோடு நேரடியாகக் கம்பியால் இணைத்தார்கள். சோயுஸின் எஞ்சினை இயக்கி, தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள். மின்சாரம் ஏறியது.

அப்புறம் பனி உருகி எங்கும் ஈரம். அதைத் துடைத்தெடுப்பதே தனி வேலையாகிவிட்டது. செப்டம்பரில் அடுத்த குழு வந்து இறங்கியபோது, நிலையம் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது.