எண்ணெய்ப் போத்தலின் எழுத்துகள்: டீசல் காரும் தமிழ்க் கலைச்சொல்லும்



மொழியியல் படித்த ஒருவன் எஞ்சின் எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருப்பதைக் கண்டு உங்களுள் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. அழைப்பிதழில் தலைப்பைக் கண்ட என் நண்பர் ஒருவர், அச்சுப்பிழையா என்று தொலைபேசியில் கேட்டார். பிழையன்று. வாழ்நாள் முழுவதும் எழுத்தையும் பொருளையும் பற்றிப் பாடம் நடத்திய நான், ஒரேயோர் எழுத்தைத் தவறாகப் படித்ததனால் நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் இழந்தேன். அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

செலாயாங்கில் குடியிருப்பவன் நான். என் டீசல் காரின் கையேடு, அதற்கு ஊற்ற வேண்டிய எண்ணெயை ஒரே வரியில் சொல்கிறது: 5டபிள்யூ-30, ஏ.சி.இ.ஏ. சி3. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, வீட்டுக்கு அருகிலிருந்த பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிகளுக்கும் அங்கேதான் எண்ணெய் மாற்றுவார்கள். பட்டறைத் தம்பி ஒரு போத்தலை எடுத்து வந்து, "டீசலுக்குன்னே உள்ள மின்யாக் ஹீத்தாம் சார், லாரிக்கெல்லாம் இதான் ஊத்துறோம்" என்றார். போத்தலில் 15டபிள்யூ-40, ஏ.பி.ஐ. சிஐ-4 என்றிருந்தது. கையேட்டிலும் 'சி', போத்தலிலும் 'சி' என்று மனநிறைவோடு தலையசைத்தேன். மூன்று முறை தொடர்ந்து அதே எண்ணெயை ஊற்றினோம். பிறகு ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியின் விசை குறைந்தது. புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று வேறோரிடத்தில் சொன்னார்கள்.

தம்பியின்மேல் எனக்கு வருத்தமில்லை. லாரிக்கு அவர் ஊற்றியது சரியான எண்ணெயே. வடிகட்டி இல்லாத பழைய லாரிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. பிழை அந்தச் 'சி'யைப் படித்ததில் இருந்தது.

இரண்டு 'சி'களும் வெவ்வேறு மொழிகளைச் சேர்ந்தவை. ஏ.பி.ஐ. என்பது 1919இல் தோன்றிய அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். அதன் முறையில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் பொறி, 'சி' என்று தொடங்கினால் டீசல் பொறி. அடுத்த எழுத்து தலைமுறையைக் குறிக்கும்: சிஐ-4 என்பது 2002இல் வந்தது, சிகே-4 என்பது 2016இல் வந்தது. ஏ.சி.இ.ஏ. என்பதோ ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம். அதன் முறையில் 'சி' என்பது, வினையூக்கியையும் புகைக்கரி வடிகட்டியையும் கெடுக்காத எண்ணெய் என்று பொருள்படும். ஒன்று பொறியின் இனத்தைச் சொல்கிறது; மற்றொன்று புகைபோக்கியில் இருக்கும் கருவியைச் சொல்கிறது. வகுப்பில் ஒப்புருச் சொற்களுக்கு 'மாலை' என்றும் 'திங்கள்' என்றும் எத்தனை எடுத்துக்காட்டுத் தந்திருப்பேன்! பொழுதைக் குறிக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முயன்றவன் கதையாயிற்று என் கதை.

வடிகட்டி ஏன் அடைபடுகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். டீசல் எரியும்போது கரி உண்டாகும். வடிகட்டி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் பெரும்பாலும் எண்ணெயிலிருந்து வருவது. பொறியைத் தூய்மையாக வைத்திருக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் எண்ணெயில் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் முதலிய உலோகங்கள் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். பொறிக்குள் சிறிதளவு எண்ணெய் எரிவதைத் தவிர்க்க முடியாது. எரிந்தபின் எஞ்சும் உலோகச் சாம்பல் வடிகட்டியின் நுண்துளைகளில் படிந்து அங்கேயே தங்கிவிடும். சி3 எண்ணெயில் சல்ஃபேட்டுச் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. முன்பிருந்த சி1 வகைக்கு வரம்பு 0.5 விழுக்காடாக இருந்தது. சிஐ-4 வகைக்கோ சாம்பல் வரம்பே கிடையாது, ஏனெனில் அது வகுக்கப்பட்டபோது இந்த வடிகட்டி அவர்கள் கருத்தில் இல்லை.

அடுத்தது 'டபிள்யூ'. இதை 'வெயிட்' என்று விளக்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழ் 30 பாகையிலும், 15டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் சோதிக்கிறார்கள். அத்தகைய குளிரைச் செலாயாங் என்றும் காணப்போவதில்லை. ஆயினும் முதல் எண் சிறியதாயிருந்தால், விடியற்காலையில் வண்டியை முடுக்கியவுடன் எண்ணெய் சற்று விரைந்து மேலேறும். நமக்கு மிகவும் வேண்டியது இரண்டாம் எண். அது 100 பாகை வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலையைச் சொல்வது: 30 எனில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்சுக்குள், 40 எனில் அங்கிருந்து 16.3க்குள்.

பாகுநிலை என்ற சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பாகுநிலை என்கின்றன. இலங்கைப் பௌதிக நூல்களில் பிசுக்குமை என்ற சொல்லும் வழங்குகிறது. மலாயில் கெலிகாத்தான். எனக்குப் பாகுநிலைதான் உவப்பு. பிசுக்கு என்பது ஒட்டுவதைச் சொல்கிறது. பாகு என்பதோ ஓடுவதைச் சொல்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் எந்தத் தாயிடமும் கேளுங்கள். அடுப்பில் இருக்கும்போது நீராய் ஓடும் வெல்லப்பாகு, இறக்கி வைத்தால் இறுகுவதை அவர் அறிவார். கம்பிப் பதம் என்று விரலால் அளந்து பார்க்கிறார். வெப்பம் ஏற ஏறப் பாகுநிலை இறங்கும் என்ற விதியை இதைவிட எளிதாக நான்காம் படிவ மாணவனுக்குச் சொல்ல முடியாது. இறங்கும் வேகத்தைக் குறைத்து வைப்பதுதான் 5டபிள்யூ-30 போன்ற ஈரெண் எண்ணெயின் கலை.

ஆனால் இரண்டு போத்தல்களிலும் 5டபிள்யூ-30 என்றிருந்தால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். 150 பாகை வெப்பத்தில், விரைந்து உராயும் இடத்தில் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தாங்கும் என்று ஒரு சோதனை உண்டு. சி2 வகைக்கு அந்த அளவு 2.9 மில்லிபாஸ்கல் விநாடியாவது இருக்க வேண்டும். சி3 வகைக்கு 3.5. எண்ணை மட்டும் படித்து எழுத்தை விட்டவனும் ஏமாறுவான். எழுத்தை மட்டும் படித்த என் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

இனி மின்யாக் ஹீத்தாம். கறுப்பு எண்ணெய் என்று பொருள். மலாய் ஆவணங்களில் மின்யாக் பெலிஞ்சிர் என்று எழுதுவார்கள். எந்தப் பட்டறையிலும் அப்படிக் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. புதிய எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க, வடித்தெடுத்த எண்ணெயின் நிறத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிடுவதில் மக்களுக்குத் தடையில்லை. ஆனால் இந்தப் பெயர் ஒரு தவறான நம்பிக்கையையும் உடன் அழைத்து வருகிறது: எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது என்பதே அது. டீசல் பொறியில் ஊற்றிய சில நாள்களிலேயே எண்ணெய் கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னுள் கலந்து வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். கறுக்கவே கறுக்காத டீசல் எண்ணெயைக் கண்டால்தான் நான் ஐயுறுவேன்.

நம் சொல்லுக்கும் கறுப்போடு உறவுண்டு. மாட்டுவண்டி அச்சுக்கு இடும் கருமையான மையை மசகு என்றார்கள். அதிலிருந்து மசகெண்ணெய் என்ற கலைச்சொல் தமிழ்நாட்டில் வந்தது. ஆனால் கொழும்பு நாளிதழில் 'மசகு எண்ணெய் விலை உயர்ந்தது' என்று கண்டால், அது கிணற்றிலிருந்து எடுத்த தூய்மை செய்யாத எண்ணெய். சென்னை அதைக் கச்சா எண்ணெய் என்னும். நாமோ எள்ளின் நெய்யாகிய எண்ணெய் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, பெட்ரோல் நிலையத்தில் 'எண்ணெய் ஊத்தணும்' என்கிறோம். பட்டறையிலும் அதையே சொல்கிறோம். ஒரு சொல் இத்தனை பாரம் சுமக்கும்போது, பட்டறைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லும் பெயர்கள் வேண்டும். மசகெண்ணெய் இந்நாட்டுக்கு நல்ல சொல்; குழப்பமில்லாமல் இங்கே நிலைநிறுத்தலாம் என்பது என் கருத்து.

பெயர் குழம்பினால் என்ன நேரும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. இங்கு நிலையத்தில் பி10 என்று எழுதியிருக்கும் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர் உண்டு. பி7 எனில் ஏழு விழுக்காடு. வடிகட்டியில் கரியை எரிப்பதற்காகப் பல கார்கள் சிறிது டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அதில் ஒரு பகுதி உருளைச் சுவர் வழியே மசகெண்ணெயில் இறங்கிவிடும். வண்டி நெடுந்தொலைவு ஓடிச் சூடேறினால் சாதாரண டீசலின் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும். எஸ்டரின் கொதிநிலை உயர்ந்தது, அது எளிதில் வெளியேறாமல் தங்கும். செலாயாங்கிலிருந்து பத்து கேவ்சுக்கும், நெரிசலில் ஈப்போ சாலைக்கும் மட்டுமே ஓடும் என் போன்றோர் வண்டியில் கரியை முழுதும் எரித்து முடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. எரிக்கத் தொடங்கும், நான் வண்டியை நிறுத்திவிடுவேன். மறுநாள் மீண்டும் தொடங்கும். எண்ணெய்க்குள் எண்ணெய் சேர்ந்து மசகு நீர்த்துப்போகும்.

அளவுகோலை உருவிப் பார்த்து, "எண்ணெய் குறையவே இல்லை, கூடியிருக்கிறது, நல்ல வண்டி" என்று ஒருவர் என்னிடம் பெருமைப்பட்டார். கூடியது எந்த எண்ணெய் என்று நான் கேட்டேன். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் உடனே மாற்ற வேண்டும்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபின், மசகெண்ணெயில் மிச்சம் பிடிப்போரைப் பார்க்கிறேன். விலை குறைந்த போத்தலை வாங்குவதில் தவறில்லை; கையேட்டின் வரி முழுவதும் அதன் பின்பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். சில கார் நிறுவனங்கள் தமக்கென்று தனி ஒப்புதல் எண்ணும் வைத்திருக்கின்றன. கையேட்டில் அது இருந்தால் போத்தலிலும் தேடுங்கள். வடிகட்டி இல்லாத பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் சி3ஐத் தேடி அலைய வேண்டியதில்லை; அவர்கள் கையேடு வேறு வரி சொல்லும்.

அந்தப் பட்டறைக்கே இன்றும் செல்கிறேன். தம்பியிடம் ஒரு தாளில் பாகுநிலை, சாம்பல், வடிகட்டி என்று மூன்று தலைப்பிட்டு, எந்த எழுத்து எதைச் சொல்கிறது என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். சென்ற மாதம் போனபோது, 'சாம்பல்' என்ற தலைப்பின்கீழ் அவரே பேனாவால் இரண்டு வரி சேர்த்திருந்தார். எழுத்துப்பிழை இருந்தது, நான் திருத்தவில்லை.