காத்தலும் வகுத்தலும்



செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் நின்று இஃது யாதென வினவின், கற்றோர் பலர் 'ரிசர்வாயர்' என்பர். அச்சொல்லின் பொருளைச் சொல்வார் அரியர்.

இலத்தீனத்தில் 'செர்வாரே' என்பது காத்தல். 'ரெ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து 'ரெசெர்வாரே' ஆயின், ஒதுக்கிக் காத்து வைத்தல் எனப் பொருள்படும். பிரெஞ்சு மொழியில் அதனின்று காத்து வைக்கும் இடத்தின் பெயர் தோன்றிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதனைக் கடனாகப் பெற்றது. ரிசர்வ், கன்சர்வ், பிரிசர்வ் என்பனவும் அவ்வேரின் கிளைகளே.

ஆங்கிலம் கடன்பெற்ற அப்பொருளுக்குத் தமிழில் 'கா' என்னும் ஓரெழுத்தே வேராய் நிற்கின்றது. காவல், காப்பு, காவலன் யாவும் அதன் வழியின. காக்கப்படுவதனாற் சோலைக்கும் 'கா' எனப் பெயர் வந்தது என்பர் சொல்லாய்வார். 'ரிசர்வ்' செய்த காட்டைக் காப்புக்காடு என்றே தமிழ்நாட்டார் வழங்குகின்றனர்.

ஆயினும், காத்தலோடு கடமை முடிவதில்லை. பொருள் வரும் வழியை ஆக்கல், சேர்த்தல், காத்தல், பகுத்தளித்தல் என நான்கனையும் அரசின் ஆற்றலாக இறைமாட்சி அதிகாரத்தில் வைத்தார் திருவள்ளுவர். ஏரியின் உறுப்புகளும் அந்நான்கே. வரத்துக்கால் நீரைக் கொணர்கின்றது, உள்வாய் சேர்க்கின்றது, கரை காக்கின்றது, மதகு பகுத்தளிக்கின்றது. மிஞ்சியதை வெளியேற்றக் கலங்கலும் உண்டு. ஒதுக்கி வைப்பதை மட்டுமே சுட்டும் அயற்சொல்லில் இம்முறைமை விளங்காது.

இது வெறுஞ்சொல்லாய்வன்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 364 கோடியே 50 இலக்கம் கன அடி. 2015 திசம்பர் முதல் நாளில், பெருமழையினூடே, நொடிக்கு 29,000 கன அடி நீர் அங்கிருந்து திறந்து விடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது, சென்னையில் வீடுகள் மூழ்கின, உயிர்கள் மாண்டன. நீரை முன்னரே படிப்படியாகத் திறந்திருக்கலாமே என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னை மக்கள் குடத்தோடு தெருவில் நின்றனர். முன்னதில் வகுத்தல் பிழைத்தது. பின்னதில் காக்க நீரே இல்லை.

வரத்துக்கால், உள்வாய், மதகு, கலங்கல் என்னும் சொற்களை இளையோர் அறிதல் வேண்டும். பெயர் தெரியாத கால்வாய் தூர்ந்தால், அது தூர்ந்ததென்று கேட்கவும் ஆளிராது. ஆதலின், பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வோர் உறுப்பையும் காட்டி, அதன் தமிழ்ப்பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நீர்க்காப்பும் மொழிக்காப்பும் அங்கே ஒருங்கு தொடங்கட்டும்!