அழியாத பத்து நிமிடம்



'பழைய பயணப் படங்கள் காட்டுவது ஊரையா, ஒப்பனையையா?' என்பது தலைப்பு. ஊரைத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அமெரிக்காக்காரர் ஃபிட்ஸ்பேட்ரிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1930-இல் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக நாடு நாடாகப் போய்ப் படம் எடுத்தவர். எந்த ஊரானாலும் பூ பூத்திருக்கும், பொண்ணுங்க சிரிக்கும், கடைசியில் சூரியன் மறையும். வீட்டில் ஒன்றைப் போட்டேன். என் மனைவி கேட்டாள், "ஏங்க, இந்த ஊர்ல ஒரு வீட்டு வாசல்லயாவது குப்பை இருக்கா?"

நியாயமான கேள்வி. ஒப்பனை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாமும் கிழிஞ்ச பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம். அதுக்காக அது நம்ம வீடு இல்லேன்னு ஆயிடுமா?

நண்பர் சொல்லாமல் விட்ட படம் ஒன்று இருக்கிறது. போலந்தில் பியாலிஸ்டாக் என்றொரு நெசவு நகரம். பத்துப் பேரில் நாலு பேர் யூதர். கோஸ்கிண்ட் சகோதரர்கள் 1939-இல் அந்த ஊரைப் பத்து நிமிடப் படமாக எடுத்தார்கள். வர்ணனை அந்த மக்கள் வீட்டில் பேசிய யிட்டிஷ் மொழியில். புகைபோக்கி, விசைத்தறி, பஸ், சந்தைக்கு வந்த குதிரைகள், எஸ்பெராண்டோ மொழியை உண்டாக்கிய ஜாமென்ஹாஃபின் வீடு, நூலகம், பெரிய ஜெப ஆலயம், பூங்காவில் விளையாடும் பிள்ளைகள். இதிலும் ஊரின் நல்ல முகம்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் போர். 1941 ஜூன் 27-இல் ஜெர்மன் படை ஊருக்குள் நுழைந்தது. அன்றைக்கே நூற்றுக்கணக்கான பேரை அந்த ஜெப ஆலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தது. மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை 1943 ஆகஸ்டில் ரயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் தம்பி எடுத்தது ஆறு ஊர். வார்சா, கிராக்கோவ், ல்வோவ், வில்னா, பியாலிஸ்டாக், இந்த ஐந்து படமும் தப்பிவிட்டன. லோட்ஸ் நகரத்துப் படம் மட்டும் தொலைந்துபோச்சு. நடுவர் அவர்களே, பவுடர் பூசியாவது அது நமக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

பியாலிஸ்டாக் படத்தையும் வீட்டில் போட்டேன். குப்பையைத் தேடிய என் மனைவி இதில் எதையும் தேடவில்லை. முடிந்ததும், "அந்தப் பூங்காவை மட்டும் இன்னொரு தடவை போடுங்க"ன்னா. போட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள்.