வினாத்தாளிலிருந்து விடுபட்டவர்கள்



கணக்கெடுப்பைப் பற்றிப் பேச டெல்லியின் இந்த லோதி ரோடு பொருத்தமான இடம். 1940-களில் கட்டப்பட்ட லோதி காலனிக் குடியிருப்புகளில் மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர் பலர் வாழ்ந்தார்கள். லோதி எஸ்டேட்டில் நம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. யுனிசெஃபும் உலக வங்கியும் அதே லோதி எஸ்டேட்டில்தான் அலுவலகம் வைத்திருக்கின்றன. ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் எடை குறைந்திருக்கிறார்கள், எத்தனை பெண்கள் மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறார்கள் என்று இங்கே யார் கேட்டாலும், எடுத்துப் புரட்டப்படுவது தேசியக் குடும்ப நல ஆய்வு. 1992-93-ல் தொடங்கிய ஆய்வு அது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் மட்டும் 6,36,699 வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

அந்த ஐந்தாவது சுற்றில்தான் வீட்டில் மாற்றுத்திறனாளிகள் உண்டா என்ற கேள்வி புதிதாகச் சேர்ந்தது. ஆறாவது சுற்றில், 2023-ல், அதை எடுத்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆம் சுற்றில் இந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது, சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் வந்துவிடாது என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. வினாத்தாள் நீண்டுகொண்டே போகிறது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து உட்காரும் பெண்ணிடம் எத்தனை கேள்விதான் கேட்பது? பாதிக்குமேல் அவரும் களைத்துவிடுகிறார், கேட்பவரும் களைத்துவிடுகிறார். எதையாவது குறைக்கத்தான் வேண்டும். ஆனால் 76-ஆம் சுற்று சொல்வது, நாட்டில் 2.2 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள் என்பது. அவர்கள் படிப்பு, வேலை, கிடைக்கும் உதவி பற்றியும் அது சொல்கிறது. நடக்க முடியாத ஒரு பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் எத்தனை முறை பரிசோதனை நடந்தது, காது கேளாத மனைவி கணவனிடம் அடிபடுவது மற்றப் பெண்களைவிடக் கூடுதலா, பார்வையற்ற தாயின் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்களா? இவற்றுக்கு விடை வேண்டுமானால், பிரசவத்தையும் வன்முறையையும் தடுப்பூசியையும் கேட்கும் அதே வினாத்தாளில் இந்தக் கேள்வியும் இருந்தாக வேண்டும். ஒரு வீட்டின் இரண்டு விடைகளைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் இந்த ஆய்வின் பயனே இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால், ஒப்பிட வழியில்லை.

கேள்வி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் தமிழ்நாட்டு எண்களையே பாருங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 16 லட்சத்து 42 ஆயிரம் பேர். 2011-ல் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். மக்கள்தொகை கூடிய பத்தாண்டில் நான்கரை லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். அதிலும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல் இருந்தவர்கள், 1 லட்சத்து 27 ஆயிரமாகிவிட்டார்கள். மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் கண் மருத்துவமனைகள் அரும்பணி செய்தன, உண்மைதான். என்றாலும் இந்தச் சரிவை வெறும் அறுவை சிகிச்சையைக் கொண்டு விளக்க முடியாது. 2001-ல் ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவரையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். 2011-ல் வரையறையை மாற்றினார்கள். விளைவு, லட்சக்கணக்கானோர் பட்டியலில் இல்லை. உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கும்போது எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

கேட்கும் முறையும் முக்கியம். "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால், "அப்படியெல்லாம் யாரும் இல்லைங்க" என்ற பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது! உள்ளே கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கலாம். அவளுக்கு மனநலக் குறை உண்டென்று முன்பின் தெரியாதவரிடம் எந்தத் தாய் சொல்வாள்? ஐ.நா.வின் ஆதரவில் இயங்கும் வாஷிங்டன் குழு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகிய ஆறிலும் சிரமம் இருக்கிறதா, எவ்வளவு என்று மட்டுமே கேட்பது. முத்திரை குத்தாத கேள்வி. வெட்கப்பட வேண்டிய அவசியமில்லாமல் பதில் சொல்லலாம். நீக்குவதற்குப் பதில், இந்த ஆறையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆறாவது சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனையையும் விட்டுவிட்டார்கள். அங்கே காரணம் வலுவானது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தைவிட சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம் நம்பகமானது என்று சொல்லி, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு அதை மாற்றினார்கள். ஆனால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை 53.1 விழுக்காட்டிலிருந்து 57 ஆகவும், சிறு குழந்தைகளில் 58.6-லிருந்து 67.1 ஆகவும் உயர்ந்ததாக ஐந்தாவது சுற்று சொன்ன பிறகு வரும் மாற்றம் இது. புதிய முறையில் எண் குறைந்தால், ரத்தம் ஊறியதா, கருவி மாறியதா என்று எப்படிச் சொல்வது?

இதே சிக்கலில் நாம் முன்பும் மாட்டியிருக்கிறோம். 1999-2000-ல் தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆம் சுற்றில், உணவுச் செலவை வழக்கமான 30 நாள் கணக்கோடு 7 நாள் கணக்கையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரே வீட்டில் கேட்டார்கள். ஒரு விடை மற்றதை இழுத்துவிட்டது. 1993-94-ல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதில் எவ்வளவு உண்மை என்று பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் ழான் திரேஸும் இன்னும் பலரும் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய சிறு சுற்றுகளில் வீடுகளை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் பழைய முறை, மறு பங்கில் புதிய முறை என்று சோதித்துப் பார்த்திருந்தார்கள். சரியான வழி அதுதான். ரத்தசோகைக்கும் மாற்றுத்திறனுக்கும் அதையே செய்யலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றது. புள்ளிவிவரம் திரட்ட வேண்டும் என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்கிறது. நம் 2016 சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. சட்டம் விரிந்திருக்க, வினாத்தாள் சுருங்கலாமா?

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. கேள்விகளை மாற்றும் முன் வரைவு வினாத்தாளைப் பொதுவில் வைக்க வேண்டும், தமிழ் உள்பட எல்லா மொழிகளிலும். யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர்களுடைய சங்கங்களிடம் அதைக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இன்னொன்றையும் அந்தத் தாளில் சேர்க்கலாம். மாற்றுத்திறனாளியைப் பற்றிய விடையைச் சொன்னது அவரேயா, வீட்டிலுள்ள வேறொருவரா என்று குறிக்க ஒரு சிறு கட்டம் போதும். அவரே வீட்டில் இருந்தால், அவரிடமே கேட்கும்படி கணக்கெடுப்பாளருக்குப் பயிற்சி தர வேண்டும்.